பட்டம் கையில் இருக்கிறது, படித்தது எங்கே இருக்கிறது?

கேள்வி இதுதான்: "பட்டப்படிப்பு முடித்து எட்டு மாதம் ஆகிறது. எழுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்துவிட்டேன். நான்கைந்து இன்டர்வியூ வந்தது, ஒன்றும் அமையவில்லை. தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். 'நீ படிச்சு என்ன ஆச்சு, நான் மட்டும் எதுக்குப் படிக்கணும்?' என்று கேட்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. உண்மையிலேயே படிப்புக்கு மதிப்பு இருக்கிறதா?"

தம்பி கேட்டது நியாயமான கேள்வி. கோபத்தில் கேட்டிருந்தாலும் அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டும். நான் சில வருடங்கள் கல்லூரியில் பாடம் எடுத்தேன். அதன் பிறகு பதினைந்து வருடங்களாக, புதிதாகப் படித்து முடித்தவர்களை இன்டர்வியூ செய்யும் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: படிப்புக்கு மதிப்பு உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அந்த மதிப்பு தானாக வெளியே வராது. அதை வெளியே கொண்டுவருவது தனியாக ஒரு வேலை. அந்த வேலையை எந்தப் பாடத்திட்டமும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் இப்போது மாட்டிக்கொண்டிருப்பது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடலாம். ஜார்ஜ் சக்கரோபூலோஸ், ஹாரி பாட்ரினோஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 139 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் படித்தவருக்குச் சம்பாத்தியத்தில் கிடைக்கும் பலன் சராசரியாக 9 சதவீதம் என்பது அவர்கள் கண்ட விடை. உடனே ஒரு சந்தேகம் வரும். கெட்டிக்காரர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும்தானே அதிகம் படிக்கிறார்கள், அவர்கள் படிக்காவிட்டாலும் நன்றாகச் சம்பாதித்திருப்பார்களே? இதைச் சோதிக்க ஆர்லி ஆஷென்ஃபெல்டர், ஆலன் க்ரூகர் இருவரும் ஓர் அழகான வழி பிடித்தார்கள். அமெரிக்காவில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் ஆண்டுதோறும் இரட்டையர் திருவிழா நடக்கும். 1991-ல் அங்கே போய், ஒரே உருவ இரட்டையர்களிடம் யார் எத்தனை வருடம் படித்தீர்கள், யாருக்கு எவ்வளவு கூலி என்று தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரே மரபணு, ஒரே வீடு. அப்படியிருந்தும் கூடுதலாகப் படித்தவருக்கே கூடுதல் கூலி. எத்தனை சதவீதம் என்பதில் பிறகு வந்த ஆய்வுகள் வேறுபட்டன. ஆனால் படித்ததால்தான் சம்பாத்தியம் கூடுகிறது என்ற அடிப்படையை இந்த ஆய்வு வலுவாக்கியது.

இந்தச் சராசரி உங்களுக்கு இன்று ஆறுதல் தராது என்று எனக்குத் தெரியும். அது வாழ்நாள் கணக்கு. நீங்கள் நிற்பது முதல் வருடத்தில்.

அதனால் அடுத்த விஷயம் முக்கியம். படிப்பு எப்படிச் சம்பளமாக மாறுகிறது என்பதற்குப் பொருளாதாரத்தில் இரண்டு விளக்கங்கள் உண்டு. கேரி பெக்கர் 1964-ல் வெளியிட்ட நூலில் சொன்னது ஒன்று: படிப்பு உங்கள் திறமையைக் கூட்டுகிறது, திறமைக்குச் சம்பளம் கிடைக்கிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் சொன்னது இன்னொன்று: முதலாளிக்கு உங்களைத் தெரியாது, கடினமான ஒரு படிப்பை முடித்தவர் என்ற தகவலை மட்டும் அவர் எடுத்துக்கொள்கிறார், பட்டம் ஓர் அடையாளச் சீட்டு. இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது, ஒருவருக்கு 1992-ல், மற்றவருக்கு 2001-ல். இரண்டாவது விளக்கத்துக்குச் சாதகமாக ஒரு வேடிக்கையான பெயருள்ள ஆதாரம் இருக்கிறது: ஆட்டுத்தோல் விளைவு. பழைய காலத்தில் பட்டத்தை ஆட்டுத்தோலில் எழுதிக் கொடுப்பார்கள், அதிலிருந்து வந்த பெயர். பட்டம் கைக்கு வரும் அந்தக் கடைசி வருடம், மற்ற வருடங்களைவிடச் சம்பளத்தை அதிகமாக உயர்த்துகிறது. கடைசி வருடத்தில் மட்டும் யாரும் பல மடங்கு கற்றுக்கொள்வதில்லையே, அப்படியானால் அந்தத் தாளுக்கென்று ஒரு தனி விலை இருக்கத்தான் செய்கிறது.

எது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டும் சரி, ஆனால் வேறுவேறு நேரத்தில். ஜோசப் ஆல்டான்ஜி, சார்லஸ் பியரே இருவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. வேலைக்குச் சேரும்போது சம்பளத்தை நிர்ணயிப்பதில் படித்த வருடங்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அனுபவம் ஏற ஏற, அந்தப் பங்கு குறைந்து, நேரில் எளிதாகத் தெரியாத உண்மையான திறமையின் பங்கு ஏறுகிறது. பட்டம் வாசல் வரை கூட வருகிறது. அதன் பிறகு உங்களுக்கு உதவுவது நீங்கள் கற்றது. புதிதாகப் படித்து முடித்தவரின் அவஸ்தை இங்கேதான் இருக்கிறது. தாளின் பலம் மட்டுமே எடுபடும் இடத்தில் அவர் நிற்கிறார், அதே தாளோடு இன்னும் ஆயிரம் பேர் பக்கத்தில் நிற்கிறார்கள். கற்றதன் பலம் காட்டும் இடத்துக்கு அவரை இன்னும் யாரும் உள்ளே விடவில்லை. எட்டு மாதத்தில் உங்கள் படிப்பின் மதிப்பு குறைந்துவிடவில்லை. அதில் பெரும் பகுதி இன்னும் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

பணத்தைத் தாண்டிய ஒரு கணக்கையும் தம்பியிடம் சொல்லுங்கள். எம்மானுவேலா ககிடூவும் அவருடைய குழுவும் 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, 1970-க்கும் 2009-க்கும் இடையில் தவிர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை மரணங்கள் 82 லட்சம். அதில் பாதிக்கு மேல், 42 லட்சம், பெண்களின் கல்வி உயர்ந்ததன் விளைவு என்று கணக்கிட்டார்கள். அந்தத் தாய்மார்களில் பெரும்பாலோர் பட்டதாரிகள்கூட இல்லை, கூடுதலாகச் சில வருடங்கள் பள்ளிக்குப் போனவர்கள். படிப்பின் பலனை வேலைக் கடிதத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1980-ல் மாணவர்களுக்கு ஒரு புதிர் கொடுத்தார்கள். வயிற்றில் ஒரு கட்டி. கதிரைப் பாய்ச்சி அழிக்கலாம். கட்டியை அழிக்கும் அளவுக்குக் கதிரைக் கூட்டினால் வழியில் உள்ள நல்ல சதையும் போய்விடும். குறைத்தால் கட்டி அழியாது. என்ன செய்வது? சுயமாக விடை கண்டுபிடித்தவர்கள் பத்தில் ஒருவர் போலத்தான். விடை என்னவென்றால், பல திசைகளிலிருந்து வலுக்குறைந்த கதிர்களை அனுப்பி, கட்டியில் மட்டும் அவை ஒன்றுசேரும்படி செய்வது. இன்னொரு குழுவுக்குப் புதிருக்கு முன்னால் ஒரு கதை கொடுத்தார்கள். ஒரு கோட்டையைப் பிடிக்க வேண்டும், எல்லாப் பாதைகளிலும் கண்ணிவெடி, பெரும்படை ஒரே பாதையில் போனால் வெடிக்கும். தளபதி படையைச் சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்துப் பல பாதைகளில் அனுப்பி, கோட்டை வாசலில் ஒன்றுசேர்க்கிறார். விடையே கதைக்குள் இருக்கிறது. அப்படியும் தானாக அதை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான். "முன்னால் படித்த கதை இதற்கு உதவலாம்" என்று ஒரே ஒரு வரி சொன்னதும் பெரும்பாலானோர் விடை சொல்லிவிட்டார்கள்.

இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பாருங்கள். விடை அவர்கள் மனதில் இருந்தது. "எடு" என்று சொல்ல ஆள் இல்லாததால் அது அங்கேயே கிடந்தது. கல்லூரியில் அந்த "எடு" என்ற சொல்லைக் கேள்வித்தாள் சொல்கிறது. எந்தப் பாடத்தின் தேர்வு, எந்த அலகு, எத்தனை மார்க், எல்லாமே குறிப்புகள்தான். வெளியே வந்ததும் கேள்வித்தாள் இல்லை. உங்கள் முன்னால் ஒரு பிரச்சினை மட்டும் இருக்கும், அது எந்தப் பாடம் என்று அதன் மேல் எழுதியிருக்காது.

நான் இன்டர்வியூவில் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. "போன மாதம் 40 புகார்கள் வந்தன, இந்த மாதம் 60 வந்திருக்கிறது. நிலைமை மோசமாகிவிட்டதா?" ஒருமுறை புள்ளியியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு பெண்ணிடம் கேட்டேன். "ஆமாம், 50 சதவீதம் கூடிவிட்டது, நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்றார். நான் கொஞ்சம் இருந்து, "நீங்கள் படித்த பாடத்திலிருந்து இதைப் பாருங்களேன்" என்றேன். அவர் முகம் மாறியது. "மொத்த வாடிக்கையாளர் எத்தனை பேர் கூடினார்கள்? இதற்கு முந்தைய மாதங்களில் எவ்வளவு ஏறி இறங்கியது? ஒரே புகாரைப் பலர் கொடுத்தார்களா?" என்று அடுக்கடுக்காகக் கேட்டார். அன்று நான் கேட்டதிலேயே சிறந்த பதில் அது. எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் பதிலோடு நான் நிறுத்தியிருந்தால் அவரை நிராகரித்திருப்பேன். நிறையப் பேர் முதல் பதிலோடுதான் நிறுத்துகிறார்கள். உங்கள் நான்கைந்து இன்டர்வியூக்களில் இப்படி நடந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று நான் நம்புகிறேன்.

இதே விஷயத்தை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டிய ஆய்வு மிஷலின் சி குழுவினருடையது, 1981. இயற்பியல் கணக்குகளை வகைபிரிக்கச் சொன்னபோது, புதிதாகப் படிப்பவர்கள் சாய்தளக் கணக்கு, ஸ்பிரிங் கணக்கு என்று மேலோட்டமாகத் தெரிவதை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் ஆற்றல் அழிவின்மை, நியூட்டன் விதி என்று அடியில் இருக்கும் தத்துவத்தை வைத்துப் பிரித்தார்கள். புதிய பிரச்சினையைப் பார்க்கும்போது படித்தது நினைவுக்கு வர வேண்டுமென்றால், அது இரண்டாவது விதமாக மனதில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அப்படி அடுக்க நேரம் எடுத்து ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் படித்த பாடங்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தப் பாடத்தின் பெயரையோ கலைச்சொற்களையோ பயன்படுத்தாமல், அது உலகத்தில் எந்த மாதிரிக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். "ஒரு எண் கூடினால் அது உண்மையான மாற்றமா, தற்செயலா?" இது புள்ளியியல். "ஒரே ஆவணம் இரண்டு பேரால் வேறு மாதிரி புரிந்துகொள்ளப்படுவது ஏன்?" இது இலக்கியம் படித்தவருக்கு. முதல் நாள் இரண்டு மூன்று பாடங்களுக்கு மேல் எழுத வராது. அது உங்கள் அறிவைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் உங்களிடம் கேட்டதில்லை, அதனால்தான். ஒரு வாரம் அவ்வப்போது உட்கார்ந்தால் வந்துவிடும். பின்னால் ரெஸ்யூமேவில் என்ன எழுதுவது, இன்டர்வியூவில் எதைப் பேசுவது எல்லாம் இந்தக் காகிதத்திலிருந்துதான் வரப்போகிறது.

தம்பிக்கு இன்னும் ஒரு வருடமாவது இருக்கும், அவன் இதை இப்போதே செய்யலாம். அவனுக்கு நான் சொல்ல விரும்புவது படிக்கும் முறை பற்றி. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி 2006-ல் செய்த சோதனையை எல்லா மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு தடவை படித்தவர்களே முன்னால், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: நான்கு தடவை படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. தேர்வுக்கு முந்தின இரவு திரும்பத் திரும்ப வாசிப்பது ஏன் பலன் தருவது போலத் தோன்றுகிறது, பட்டம் வாங்கியதும் ஏன் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதற்கான காரணம் இந்த இரண்டு வரியில் இருக்கிறது.

இதில் ஏமாற்றும் விஷயம், நன்றாகக் கற்கும்போது நன்றாகக் கற்பது போலத் தோன்றாது என்பதுதான். ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் லூயி டெலோரியே குழு செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. தாங்களே கணக்கைப் போட்டுத் திணறிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள் குறைவாகக் கற்றுவிட்டு, நிறையக் கற்றதாக நினைத்தார்கள். திணறலைத் தோல்வி என்று நினைத்து விலகும் எத்தனையோ நல்ல மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். பாடம் எடுத்த காலத்தில் இதை நான் அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தம்பி கட்டாயம் அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பான். துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் பள்ளி மாணவர்களிடம் ஹம்சா பஸ்தானி குழு நடத்திய சோதனையில், சாட்பாட் துணையோடு கணக்குப் பயிற்சி செய்தவர்களின் பயிற்சி மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. பிறகு சாட்பாட் இல்லாமல் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாத மாணவர்களைவிட அவர்கள் 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையை நேரடியாகத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த இன்னொரு சாட்பாட்டில் இந்தச் சரிவு பெரும்பாலும் வரவில்லை. ஆகவே கருவியைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். அசைன்மென்ட்டை அது எழுதினால் கற்பது யாரும் இல்லை. தான் எழுதியதை அதனிடம் கொடுத்து "எங்கே தப்பு, விடையைச் சொல்லாதே" என்று கேட்டால் அது நல்ல வாத்தியார்.

இதுவரை சொன்னதெல்லாம், படிக்க உட்கார நேரமும் நிம்மதியும் இருப்பவர்களுக்குச் சரி. எல்லோருக்கும் அது இல்லை. கல்விக் கடன், வீட்டில் பணத் தட்டுப்பாடு, பகுதிநேர வேலை, இவற்றோடு படிப்பவர்களை "கவனம் போதவில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் 2013-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரியான சிந்தனைத் தேர்வுகள் வைத்தார்கள். கையில் காசில்லாத முந்தைய மாதங்களில் அதே மனிதர்கள் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். பணக் கவலை மூளையில் இடத்தை அடைத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு நிலை இருந்தால், இந்த எட்டு மாதம் உங்கள் மூளை முழு பலத்தோடு வேலை செய்திருக்காது. அதை உங்கள் திறமையின் அளவு என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். கிடைக்கிற சிறு வேலை ஒன்றைச் செய்துகொண்டு தேடுவதில் எந்த இழிவும் இல்லை. மாதச் செலவுக்கு வழி பிறந்தால் தேடலின் தரமே உயரும்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் இன்னொரு சுமையும் உண்டு: எழுதப்படாத விதிகள். பேராசிரியரிடம் வகுப்புக்குப் பிறகு போய்ப் பேசலாம், இன்டர்ன்ஷிப் கேட்டு நாமே எழுதலாம், புரியவில்லை என்று சொன்னால் யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், இதெல்லாம் சில வீடுகளில் பேச்சுவாக்கில் தெரிந்துவிடும், சில வீடுகளில் தெரியாமலே போகும். நிக்கோல் ஸ்டீஃபன்ஸ் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் ஒரு மணி நேரம் மூத்த மாணவர்களின் பேச்சைக் கேட்டார்கள். மூத்தவர்கள் தங்கள் பின்னணியால் என்ன தடுமாற்றம் வந்தது, எப்படிச் சமாளித்தோம் என்று மனம்விட்டுச் சொன்னார்கள். அந்த ஒரு மணி நேரம், முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த மதிப்பெண் இடைவெளியைப் பாதிக்கு மேல் குறைத்தது. காரணம் எளிமையானது, அவர்கள் உதவி கேட்கத் தொடங்கினார்கள். தம்பிக்கு நீங்கள் அந்த மூத்த மாணவர். உங்களுக்கு நடந்ததை, இந்த எட்டு மாதத்தையும் சேர்த்து, மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் வேலை தேடலுக்கு வருகிறேன். நேரம் மோசமாக அமைவது என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. ஃபிலிப் ஓரியோபோலஸ், டில் ஃபான் வாக்டர், ஆண்ட்ரூ ஹைஸ் மூவரும் கனடாவின் பட்டதாரிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012-ல் எழுதினார்கள். பொருளாதார மந்தத்தில் பட்டம் முடித்தவர்களுக்கு ஆரம்பச் சம்பாத்தியம் சுமார் 9 சதவீதம் குறைந்தது. ஐந்து வருடத்தில் அது பாதியானது, பத்து வருடத்தில் ஏறக்குறைய மறைந்துபோனது. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறியவர்கள் பலர், முதல் வேலையிலேயே ஒட்டிக்கொண்டிராமல், படிப்படியாக நல்ல நிறுவனங்களுக்கு மாறியவர்கள். ஆகையால் முதல் வேலை மனதுக்குப் பிடித்ததாக அமையாவிட்டால் வாழ்க்கை போச்சு என்று பயப்பட வேண்டாம். அங்கேயே தங்கிவிடாமல் இருந்தால் போதும்.

எழுபது விண்ணப்பம் என்றீர்கள். எழுபதும் ஒரே ரெஸ்யூமேதானே? நான் பார்க்கிற ரெஸ்யூமேக்களில் பாதிக்கு மேல் "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர், விரைவாகக் கற்பவர்" என்றுதான் தொடங்குகின்றன. படிக்கிறவர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் 1998-ல் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதைப் படித்த வருடங்களின் எண்ணிக்கை மிகக் குறைவாகவே முன்கூட்டிச் சொன்னது. வேலையின் ஒரு துண்டைச் செய்துகாட்டச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை முறையாகக் கேட்கும் இன்டர்வியூவும் அதைவிட எவ்வளவோ மேல். 2022-ல் இந்தக் கணக்குகளை மறுபடி ஆராய்ந்தபோது எண்கள் இறங்கின. ஆனாலும் முறையான இன்டர்வியூவும் செய்துகாட்டும் சோதனையும் முன்வரிசையிலேயே இருந்தன. எனவே கேட்பதற்கு முன்பே நீங்களே ஒரு துண்டைச் செய்துவையுங்கள். எழுத்து வேலை என்றால் எழுதிய இரண்டு பக்கம். கணக்கு வேலை என்றால் பொதுவில் கிடைக்கும் தரவை எடுத்து ஒரு கேள்விக்கு விடை கண்ட ஒரு சிறு அறிக்கை. நிரல் எழுதுபவர் என்றால் வேறொருவர் உண்மையில் பயன்படுத்தும் ஒரு சிறிய கருவி. பெரிதாக வேண்டாம், முழுதாக இருக்க வேண்டும். கல்லூரி ப்ராஜெக்டைக் காட்டினால் "இதில் உங்கள் பங்கு எது, எங்கே தடுமாறினீர்கள், மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்பேன். இந்த மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லத் தெரிந்தவரை நான் இதுவரை சும்மா திருப்பி அனுப்பியதில்லை.

அடுத்தது, யாரிடம் கேட்பது என்பது. நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்த இடமெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் "அந்த நபரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்?" என்று கேட்டதைச் சொல்கிறார். அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. அரை நூற்றாண்டுக்குப் பிறகு லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடி பேரை வைத்து நடத்திய பெரிய சோதனை 2022-ல் வெளியானபோதும், மிதமான அறிமுகம் உள்ளவர்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவினார்கள் என்று தெரிந்தது. உங்கள் சீனியர், ஒரு செமஸ்டர் மட்டும் பாடம் எடுத்த ஆசிரியர், இன்டர்ன்ஷிப்பில் பக்கத்து மேசையில் இருந்தவர். இவர்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கும். "வேலை வாங்கித் தாருங்கள்" என்று எழுதாதீர்கள், அதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது. "உங்கள் துறையில் முதல் வருடத்தில் ஒருவர் என்ன வேலை செய்வார்? இதைச் செய்து பார்த்திருக்கிறேன், பதினைந்து நிமிடம் பேச முடியுமா?" என்று எழுதுங்கள். நீங்கள் செய்த துண்டையும் இணையுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் சிலர் பதில் போடுவார்கள். எனக்கு அப்படி வருகிற கடிதங்களை நான் ஒதுக்குவதில்லை, எனக்குத் தெரிந்த பலரும் அப்படித்தான்.

அப்புறம், தம்பி. படிப்பை விடச் சொல்லாதீர்கள். பாதியில் நிறுத்தினால் செலவழித்த வருடங்கள் போகும், வாசலில் காட்ட வேண்டிய தாளும் கிடைக்காது. அவன் தேர்ந்தெடுத்த பாடமே பிடிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம், அதைத் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும், பாடத்தை மாற்றுவது அவமானம் இல்லை. பாடம் பிடித்திருக்கிறது, எதிர்காலம்தான் பயம் என்றால், வாரத்தில் இரண்டு மாலை அவனைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அன்று வகுப்பில் நடந்ததைப் புத்தகத்தை மூடிவைத்து உங்களுக்குச் சொல்லட்டும். அவன் திணறும் இடத்தில் நீங்கள் உடனே சொல்லிக் கொடுக்க வேண்டாம், காத்திருங்கள். கடைசியில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: "இது வெளியே எங்கே உதவும்?"

இதில் உங்களுக்கும் ஒரு பலன் இருக்கிறது. ஹெர்மான் எபிங்ஹவுஸ் 1885-ல் மறதியைப் பற்றி எழுதியதில், ஒரே நாளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும் என்ற பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவர் அதை அளந்த விதத்தை யாரும் சொல்வதில்லை. மறந்ததை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பதை வைத்துத்தான் அளந்தார். ஒரு மாதம் கழித்தும், முற்றிலும் மறந்துபோனது போலத் தோன்றியதைக் கூட, முதல் தடவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவான நேரத்தில் அவரால் மீண்டும் கற்க முடிந்தது. அவர் மனப்பாடம் செய்தவையோ பொருளற்ற வெறும் அசைகள். நீங்கள் படித்ததற்குப் பொருள் இருக்கிறது. தம்பி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருங்கள், உங்கள் பழைய நோட்டுப் புத்தகங்களையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.